ஆட்டு மந்தையும் குடற்புழுவும்



காரைக்குடிக்கு அருகே உள்ள எங்கள் நேமத்தான்பட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் பெரும்பாலும் அதன் நகரத்தார் வீடுகளைப் பற்றியே கேள்விப்பட்டிருப்பார்கள். தேக்குத் தூண்களையும் வளைவுகளையும் காண வருகிறவர்கள் வீதி முடியும் இடத்தில் நின்று திரும்பிவிடுகிறார்கள். வீதி முடியும் இடத்தில்தான் பொட்டல் தொடங்குகிறது. செம்மண் மேடு, கருவேல மரங்கள், கண்மாயின் உள்வாய், மழை பெய்தால் மட்டும் பசுமை காட்டும் கட்டைப்புல், இவ்வளவே அங்கு உண்டு. இந்த நிலத்தை நம்பி வாழும் ஆட்டுக் குடும்பங்களும் ஊரைச் சேர்ந்தவர்களே. அவர்களுடைய செம்மறியும் வெள்ளாடும் ஒரே வெளியில் மேய்கின்றன. அவ்வாறு ஒன்றாய் மேய்வதனால், கண்ணுக்குப் புலப்படாமல், ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் குடற்புழுக்களைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

சற்றேறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். எட்டாம் வகுப்பில் படித்த மாணவன் ஒருவன் கார்த்திகை மாதத்தில் ஒரு வாரம் தொடர்ந்து பள்ளிக்கு வரவில்லை. கணக்கில் கெட்டிக்காரன், காரணமின்றி வராதிருக்கும் பிள்ளையல்லன். வீடு தேடிச் சென்றேன். அவனுடைய தந்தையிடம் ஐம்பது செம்மறியும் பதினைந்து வெள்ளாடும் இருந்தன. அவ்வாண்டு ஐப்பசியில் நல்ல மழை. புல் செழித்திருந்தது. ஆனால் பட்டியில் இருந்த ஆடுகளோ எலும்பும் தோலுமாக நின்றன. சிலவற்றின் தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை போலத் தொங்கியது.

"வாத்தியாரய்யா, சாயங்காலம் பட்டிக்கு வரும்போது இம்புட்டுத் தொங்குது. விடிஞ்சு பாத்தா வத்திப் போயிருது. புல்லும் தண்ணியும் கிடக்கு, ஆடு மட்டும் சாகுதே, இது என்ன நோவு?" என்று அவர் கேட்டார்.

நூல்களில் படித்திருந்த அளவுக்கு அது குடற்புழு நோய் என்று எனக்குத் தெரிந்தது. காரைக்குடிக்குச் சென்று மருந்துப் புட்டிகளை நானே வாங்கி வந்தேன். உறையில் செம்மறிக்குரிய அளவு அச்சிடப்பட்டிருந்தது. "எல்லா ஆட்டுக்கும் இதே அளவு போதும்" என்று கூறினேன். கற்றவன் சொல்கிறான் என்று அவர் நம்பினார். பையன் ஒவ்வோர் ஆடாகப் பிடித்துக்கொடுக்க, அவர் புகட்டினார். செம்மறிகளில் பெரும்பாலானவை தேறின. வெள்ளாடுகள் தேறவில்லை. தை பிறப்பதற்குள் பதினைந்தில் நான்கே எஞ்சின. அடுத்த மழையில் அதே மருந்து செம்மறிகளுக்கும் முன்போல் பயன்படவில்லை. அந்தப் பையன் ஒன்பதாம் வகுப்புக்கு வரவேயில்லை. உறவினர் ஒருவரின் கிடையோடு தஞ்சைப் பக்கம் போய்விட்டான். நான் சொன்ன அளவில் என்ன பிழை என்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

முதலில் பகைவனை அறிந்துகொள்வோம். ஆட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அவற்றுள் நான்காம் அறையே செரிமான நீர் சுரக்கும் உண்மையான இரைப்பை. அதன் உட்சுவரில் ஒட்டி வாழ்கிறது ஹீமாங்கஸ் கன்டார்ட்டஸ் என்னும் புழு. ஜெர்மானிய அறிஞர் ருடால்பி என்பவர் 1803-ஆம் ஆண்டிலேயே இதனை விவரித்து எழுதினார். கன்டார்ட்டஸ் என்றால் முறுக்கப்பட்டது என்று பொருள். பெண்புழுவின் நீளம் 2 முதல் 3 சென்டிமீட்டர். இரத்தம் நிறைந்த அதன் குடல் செந்நிறம். அதைச் சுற்றி முறுக்கிக் கிடக்கும் கருப்பை வெண்ணிறம். மேலைநாட்டு முடிதிருத்தும் கடைகளின் வாசலில் சிவப்பும் வெள்ளையும் சுற்றிய கம்பம் ஒன்று நிறுத்தியிருப்பார்கள். அதனை ஒத்திருப்பதால் ஆங்கிலேயர் இப்புழுவுக்கு அந்தக் கம்பத்தின் பெயரையே இட்டுவிட்டனர். புழு ஒன்று நாளொன்றுக்கு உறிஞ்சும் இரத்தம் 0.05 மில்லிலிட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அற்பமாகத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் ஓர் ஆட்டில் ஐயாயிரம் புழுக்கள் இருப்பது அரிதன்று. பெருக்கிப் பாருங்கள், நாளுக்கு 250 மில்லிலிட்டர் வரும். இருபத்தைந்து கிலோ எடையுள்ள நம் நாட்டுச் செம்மறியின் உடலில் உள்ள மொத்த இரத்தமே ஒன்றரை லிட்டருக்குச் சற்று அதிகம். எலும்பு மச்சை இரவும் பகலும் உழைத்துப் புதிய குருதியணுக்களை ஆக்கினாலும், சில வாரங்களில் உடலிலுள்ள இரும்புச்சத்து தீர்ந்துவிடுகிறது.

இரத்தத்தோடு அதிலுள்ள புரதமும் போகிறது. இரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் புரதமே. அது குறைந்தால் நீர் கசிந்து தாழ்ந்த இடத்தில் தங்கும். பகலெல்லாம் தலையைக் குனிந்து மேயும் ஆட்டுக்குத் தாழ்ந்த இடம் தாடை. இரவில் படுத்து அசைபோடும்போது அந்த நீர் பரவி வற்றிவிடும். அந்தத் தந்தை மாலையிலும் விடியலிலும் கண்ட வேறுபாட்டிற்கு விடை இதுவே. அவருடைய கூர்மையான கவனிப்பை நான் அன்று ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

இனி இப்புழுவின் வாழ்க்கைச் சுற்றைக் கூறுகிறேன். வகுப்பில் படம் வரைந்து காட்டுவது எளிது. வானொலியில் நீங்களே மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு ஐயாயிரம் முதல் பத்தாயிரம் முட்டைகள் வரை இடும். ஆயிரம் பெண்புழுக்கள் உள்ள ஆடு ஒன்று நாளுக்கு ஐம்பது லட்சம் முட்டைகளையாவது புழுக்கையோடு மந்தைவெளியில் சிந்துகிறது. ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் ஓரிரு நாளில் முட்டை பொரிந்து இளம்புழு வெளிவரும். அது புழுக்கையிலுள்ள நுண்ணுயிர்களைத் தின்று, இருமுறை சட்டை மாற்றும். இரண்டாம் முறை மாற்றும்போது பழைய சட்டையை முழுவதும் கழற்றுவதில்லை. அதனைக் கவசம் போல் போர்த்துக்கொள்கிறது. இந்தக் கவசம் அதனை உலர்ச்சியினின்று காக்கிறது. ஆனால் வாயையும் மூடிவிடுகிறது. அந்நிலையில் அது உண்ண முடியாது; முன்பு சேமித்த உணவைக் கொண்டே காத்திருக்க வேண்டும். புழுக்கை விழுந்து ஒரு வாரத்திற்குள் இவ்வளவும் நிகழ்ந்துவிடக் கூடும்.

காத்திருக்கும் இளம்புழு, மழைநீரோ பனிநீரோ படிந்த புல்லின் மீது அந்த நீர்ப்படலத்திலேயே நீந்தி ஏறுகிறது. எவ்வளவு உயரம்? பெரும்பாலானவை தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்திற்குள்ளேயே தங்கிவிடுகின்றன. ஆடு புல்லோடு சேர்த்து அதனை விழுங்குகிறது. வயிற்றுக்குள் கவசம் கழன்று, நான்காம் இரைப்பையை அடைந்து, மூன்று வாரத்தில் முட்டையிடத் தொடங்குகிறது. ஐப்பசி மழையில் வளர்ந்த பசும்புல் கார்த்திகையில் ஆட்டைக் கொல்வது இவ்வாறுதான்.

இப்பொழுது செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். செம்மறி தலை குனிந்து அடிப்புல்லைக் கறண்டும் இயல்புடையது. வெள்ளாடோ, முன்னங்காலை மரத்தின் மீது ஊன்றி, தழையையும் கொழுந்தையும் பறிக்கும். ஆயிரமாயிரம் ஆண்டுகளாகத் தரையோடு மேய்ந்து புழுக்களை உண்டு பழகிய செம்மறியின் உடல், வயது ஏற ஏற ஓரளவு எதிர்ப்பாற்றலைத் தேடிக்கொள்கிறது. தழையுண்டு வாழ்ந்த வெள்ளாட்டுக்கு அந்தப் பயிற்சி குறைவு. ஆகவே எதிர்ப்பாற்றலும் குறைவு. வெள்ளாட்டைச் செம்மறியோடு சேர்த்து வெறும் புல்வெளியில் விட்டால், தன் இயல்புக்கு மாறாக அது கீழே மேய நேர்கிறது. செம்மறியைத் தாக்கும் அதே புழுவினம் அதனையும் தாக்குகிறது. நோயுற்ற வெள்ளாடு சிந்தும் முட்டையிலிருந்து வரும் புழு மறுபடியும் செம்மறிக்குப் போகிறது. மாட்டுக்கு வாய்ப்பது பெரும்பாலும் வேறு இனம். ஆகையால் ஆட்டுப் புழுவை மாடு விழுங்கினால் அப்புழு பெரும்பாலும் அங்கேயே மடிகிறது. மந்தைவெளியில் ஆட்டோடு மாடும் மேய்வது நன்மை பயப்பதற்கு இதுவே காரணம். நம்மூரில் மாடு குறைந்துவிட்டது; அந்த நன்மையும் குறைந்துவிட்டது.

என் பிழைக்கு வருகிறேன். வெள்ளாட்டின் ஈரல் குடற்புழு மருந்துகள் பலவற்றைச் செம்மறியின் ஈரலைவிட விரைவில் சிதைத்து வெளியேற்றுகிறது. செம்மறிக்குப் போதுமான அளவு வெள்ளாட்டுக்குப் போதாது. மருந்துக்கேற்ப ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ தேவைப்படும். சில மருந்துகளில் அளவு மிகுந்தால் நஞ்சாகவும் முடியும்; சினையின் தொடக்கத்தில் ஆகாத மருந்தும் உண்டு. ஆகவே கால்நடை மருத்துவர் சொல்லும் அளவே அளவு. நான் போதாத அளவைக் கொடுக்கச் சொன்னேன். போதாத மருந்து என்ன செய்யும்? வலுவற்ற புழுக்களைக் கொல்லும். மருந்தைத் தாங்கவல்ல ஒருசில புழுக்களை விட்டுவிடும். அந்தச் சிலவற்றின் சந்ததியே பிறகு மந்தைவெளி முழுவதும் பரவும். வெள்ளாட்டின் வயிற்றில் இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட புழு, அடுத்த மழையில் செம்மறியின் வயிற்றுக்குச் சென்றது. செம்மறிக்கும் மருந்து பலிக்காமற் போனதற்கு இதுவே காரணம் என்று இப்போது கருதுகிறேன். அதே வெளியில் மேய்ந்த அண்டை வீட்டாரின் ஆடுகளுக்கும் அந்தப் புழுக்கள் போயிருக்கும். ஊர்ப் பொதுவான புல்வெளியில் ஒருவர் செய்யும் பிழை அவரோடு நிற்பதில்லை.

இஃது எங்கள் ஊருக்கு மட்டும் நேர்ந்ததன்று. தயாபெண்டசோல் என்னும் மருந்து 1961-இல் வெளிவந்தபோது, குடற்புழுவின் காலம் முடிந்தது என்றே பலரும் மகிழ்ந்தனர். 1964-ஆம் ஆண்டிலேயே அதற்கு அடங்காத புழுக்கள் அமெரிக்காவில் காணப்பட்டன. நம் நாட்டில் 1976-இல் இத்தகைய புழுக்களைப் பற்றிய குறிப்பு வெளியாயிற்று. 1981-இல் ஐவர்மெக்டின் வந்தது. ஜப்பானியர் ஒருவர் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிரிலிருந்து அது பிறந்தது. சதோஷி ஓமுரா, வில்லியம் கேம்ப்பெல் ஆகிய இருவருக்கும் 2015-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மனிதருக்கு யானைக்கால் நோயிலும் ஆற்றுக் குருட்டு நோயிலும் பேருதவி செய்த மருந்து அது. ஆட்டுப் புழுக்கள் அதனையும் வெல்லக் கற்றுக்கொண்டன. நம் நீலகிரியில், உதகமண்டலத்தை அடுத்த சாண்டிநல்லாவில், செம்மறி இனப்பெருக்க ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. அங்குள்ள ஆடுகளில், ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து வகைகளுக்கு அடங்காத புழுக்கள் உள்ளன என்று 2009-இல் வெளிவந்த ஆய்வு தெரிவித்தது. கற்றறிந்தவர்கள் முறையாகக் கண்காணிக்கும் பண்ணையிலேயே இது நேருமாயின், புட்டியின் உறையைப் பார்த்து அளவு சொன்ன என்னைப் போன்றவர்களால் என்னவெல்லாம் நேர்ந்திருக்கும்!

மருந்தில்லாத காலத்தில் நம் ஆயர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அவர்கள் புழுவின் பெயரை அறியார். ஆனால் பனி உலருமுன் மந்தையை ஓட்டக் கூடாது என்று அறிந்திருந்தார்கள். வெயில் ஏறி நீர்ப்படலம் வற்றினால் இளம்புழு புல்லின் அடிக்கும் மண்ணுக்கும் இறங்கிவிடும் என்பதை அறிவியல் பின்னர்தான் சொல்லிற்று. அன்றியும், இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளின் கீதாரிகள் ஓரிடத்தில் தங்கியவர்களல்லர். அறுவடை முடிந்ததும் தஞ்சை வயல்களை நோக்கி மந்தையை நடத்துவார்கள். உரத்திற்காக ஒரு வயலில் ஓரிரு இரவு கிடை போட்டுவிட்டு, அடுத்த வயலுக்குப் பெயர்வார்கள். விழுந்த புழுக்கையை உழவன் மண்ணுக்குள் புரட்டிவிடுவான். முட்டை பொரிந்து புழு புல்லேறக் காத்திருக்கும் நேரத்தில் மந்தை பல காதம் கடந்திருக்கும். தென் பசிபிக் தீவு நாடுகளில் 1990-ஆம் ஆண்டுகளில் ஆராய்ச்சியாளர் ஒரு முறையை வகுத்தனர். வேலியிட்ட பத்துப் புல்வெளிகளில், ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் வெள்ளாடுகளை மேயவிட்டு, ஒரு மாதம் கழித்தே முதல் வெளிக்குத் திருப்புவது என்பது அம்முறை. வெப்ப நாட்டில் இளம்புழு விரைவாக உயிர்க்கிறது, விரைவாகவே தன் சேமிப்பைச் செலவழித்து மடிகிறது என்பதுதான் அதன் அடிப்படை. கிடையின் தத்துவமும் இதுவேயன்றோ? கிடையை ஏழ்மையின் அடையாளமென்று எண்ணி வந்தவன் நான்.

இன்று கிடைகள் குறைந்துவிட்டன. மேய்ச்சல் புறம்போக்குகள் சுருங்கின. சீமைக்கருவேல் மிச்சத்தை மூடிற்று. 2011-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு வெள்ளாடோ செம்மறியோ விலையின்றி வழங்கிய திட்டத்தால் ஆடு இல்லாத பல வீடுகளுக்கும் ஆடு வந்தது. நல்ல காரியமே. எனினும் நான்கு ஆட்டோடு தஞ்சைக்கு நடக்க முடியுமா? எல்லாம் அதே கண்மாய் உள்வாயில்தான் நாள்தோறும் மேய்கின்றன.

வேறு புழுக்களும் உண்டு. சிறுகுடலில் வாழ்ந்து கழிச்சலை உண்டாக்கும் மெல்லிய புழு, பெருங்குடலில் முண்டு முண்டாகக் கட்டி எழுப்பும் புழு, கண்மாய்க் கரை நத்தையின் வழியே வரும் தட்டைப்புழு ஆகியவை அவை. புழுக்கையில் அரிசி போல வெண்துண்டுகளைக் கண்டு மக்கள் பெரிதும் அஞ்சுவது நாடாப்புழுவுக்கு. வளர்ந்த ஆட்டுக்கு அதனால் பெருங்கேடு இல்லை. கண்ணுக்குத் தெரிவதற்கு மருந்து தேடி, தெரியாததை மறந்துவிடுகிறோம்.

தெரியாததைப் பார்க்கும் வழி உங்கள் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டுகளில் என் மாணவர்களோடு இதைச் செய்து பார்த்தேன். புதிய புழுக்கை நான்கைந்து எடுத்து, இனி உப்புக் கரையாது என்னும் அளவுக்கு உப்பிட்ட நீரில் கரைத்து வடிகட்டினோம். அந்த நீரைச் சிறு குழாயில் விளிம்பு வரை ஊற்றி, மேலே மெல்லிய கண்ணாடி வில்லையை வைத்து இருபது நிமிடம் காத்திருந்தோம். உப்புநீர் அடர்த்தி மிக்கதாகையால் முட்டைகள் மிதந்து வில்லையில் ஒட்டின. நுண்ணோக்கியில் முதலில் பார்த்த மாணவி, "சார், திராட்சைக் குலையை முட்டைக்குள்ள அடைச்ச மாதிரி இருக்கு" என்றாள். பிளவுபட்டு வரும் கருவின் அணுக்களே அந்தத் திராட்சைகள். இவற்றை எண்ணுவதற்குக் கட்டமிட்ட கண்ணாடி அறை ஒன்றும் உண்டு. 1939-இல் ஆஸ்திரேலியாவின் மக்மாஸ்டர் ஆய்வகத்தில் உருவானதால் அதற்கு அப்பெயர். மருந்து புகட்டுமுன் ஒரு முறையும், புகட்டிய பத்துப் பதினான்கு நாளில் ஒரு முறையும் எண்ணினால், மருந்து பலித்ததா என்பது ஐயமின்றித் தெரியும். செய்தபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ மறவாதீர்கள்.

நுண்ணோக்கி இல்லாதவர்களுக்குத் தென்னாப்பிரிக்கர் ஒரு வழி கண்டனர். 1990-ஆம் ஆண்டுகளில் மாலன் என்னும் கால்நடை மருத்துவரும் அவருடைய துணைவர்களும், ஆட்டின் கீழ் இமையைப் பிதுக்கி உட்புறத்தின் நிறத்தைப் பார்த்தால் இரத்தக் குறைவு தெரியும் என்பதை ஒழுங்குபடுத்தி, ஐந்து நிறங்கள் கொண்ட அட்டை ஒன்றை அமைத்தனர். அட்டையின் பெயர் பமாச்சா. ஒன்று நல்ல சிவப்பு. ஐந்து வெறும் வெளுப்பு. நான்கும் ஐந்தும் ஆனவற்றுக்கு மருந்து தந்தே தீர வேண்டும். மூன்றில் நிற்கும் குட்டிக்கும் ஈன்ற தாய்க்கும் தருவது நல்லது. ஈனும் காலத்தில் தாயின் எதிர்ப்பாற்றல் தளர்ந்து முட்டைகள் பெருகும். சிவந்திருப்பவற்றை விட்டுவிட வேண்டும். இவ்விடத்தில்தான் கேட்பவர்கள் புருவத்தை உயர்த்துகிறார்கள். நோய் வருமுன் எல்லாவற்றுக்கும் கொடுத்தால் என்ன? மந்தையிலுள்ள புழுக்களில் பெரும்பகுதியைச் சுமப்பது சிறு எண்ணிக்கையான ஆடுகளே. மற்றவற்றின் வயிற்றில் மருந்து படாத சில புழுக்கள் இருக்கட்டும். அவற்றின் சந்ததி வெளியில் கலந்திருக்கும் வரை, மருந்தை வென்ற புழு தனியரசு செலுத்த முடியாது.

தடுப்பூசி உண்டா என்று கேட்பீர்கள். ஸ்காட்லாந்தின் மோரிடன் ஆய்வு நிலையம் இப்புழுவின் குடற்புரதத்தைக் கொண்டே ஒன்றை ஆக்கியது; 2014-இல் ஆஸ்திரேலியாவில் செம்மறிகளுக்காக விற்பனைக்கு வந்தது. பருவம் முழுவதும் மீண்டும் மீண்டும் போட வேண்டியிருக்கிறது. இராஜஸ்தானின் அவிகாநகரிலுள்ள மத்திய செம்மறி ஆராய்ச்சி நிலையமோ, மால்புரா இனத்தில் புழுவை இயல்பாக எதிர்க்கும் ஆடுகளைத் தேர்ந்து பெருக்கிப் பார்த்தது. கிடாயைத் தேர்ந்தெடுக்கையில் கொம்பையும் உயரத்தையும் மட்டும் பார்க்கும் நம்மவர், எந்த ஆட்டுக்கு மருந்தே தேவைப்படவில்லை என்பதையும் குறித்து வைப்பது நலம். கைப்பிடிக் கடலைப் பிண்ணாக்கும் வீணன்று. இழந்த புரதத்தை அது ஈடு செய்யும்.

தஞ்சைக்குப் போன அந்த மாணவன் ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இன்று அவனும் நாற்பது வயதைக் கடந்தவன். அவனிடம் நாற்பத்திரண்டு ஆடுகள் இருக்கின்றன. வெள்ளாடுகளைக் கருவேலங்காட்டுக்கும் செம்மறிகளைப் பொட்டலுக்குமாகப் பிரித்தே ஓட்டுகிறான். சந்தையில் வாங்கிய ஆட்டை, மருந்து கொடுத்துப் புழுக்கையைச் சோதிக்கும் வரை மந்தையில் சேர்ப்பதில்லை. சென்ற கார்த்திகை முழுவதும் பத்து நாளுக்கு ஒரு முறை நானும் அவனோடு பட்டிக்குச் சென்று இமை பார்த்தேன். அவன் பிடிக்க, நான் அட்டையோடு ஒப்பிட்டுச் சொல்ல, அவன் மகள் எழுதிக்கொண்டாள். ஒன்பது ஆடுகளுக்கு மட்டும் மருந்து தேவைப்பட்டது. இரண்டு இறந்தன. அவற்றுள் ஒன்று, இமை சிவப்பு என்று நான் சொல்லிய வெள்ளாடு. அதை நான் பார்த்தது மாலை மங்கலில். பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது. இப்போது காலை பத்து மணிக்குப் பார்க்கிறோம்.